பிரசவ அறைக்குள் துணைக்கு யார்?

ஒகேனக்கல்லில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் அவள் போய்ச் சேரும் இடம் ஒன்றோடு முடிவதில்லை. சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே முடியாது என்றால், காட்டுக்குள் வளைந்து ஏறும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பென்னாகரம் அரசு மருத்துவமனை. அதற்கும் மேலே அனுப்பினால், ஒகேனக்கல்லிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பரிசல் ஓட்டுபவர், மீன் பிடிப்பவர், மீன் வறுத்துத் தருபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர் எனச் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அரசு மருத்துவமனையை விட்டால் வேறு வழி குறைவு. இதே பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மீது ஏற்றிக் கொண்டுபோன செய்தி தேர்தல் நேரங்களில் பத்திரிகைகளில் வந்ததுண்டு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி எப்படி இறங்கி வருவாள் என்பதை அதை வைத்தே ஊகிக்கலாம். இப்படி ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவளோடு, முதல் வலி தொடங்கிக் குழந்தை பால் குடிக்கும்வரை விலகாமல் இருக்கப்போகிறவர் யார்? சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் 'டூலா' என்ற பெயரில் அறிமுகமாகியிருக்கும் பிரசவத் துணையாளரை வசதி படைத்தவர்களின் புது நாகரிகம் என்று ஒதுக்கலாமா, அல்லது அவருடைய வேலை ஒகேனக்கல் போன்ற ஊருக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறதா? சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் இரண்டாவதே சரி என்பது இக்கட்டுரையின் முடிவு.

டூலா என்பவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, பழைய மருத்துவச்சியும் இல்லை. அவர் பிரசவம் பார்ப்பதில்லை, உள்பரிசோதனை செய்வதில்லை, ஊசி, மருந்து எதிலும் கை வைப்பதில்லை. வலியில் இருப்பவளுடன் இருப்பதுதான் அவர் வேலை. இடுப்பை நீவிவிடுவது, எழுந்து நடக்கவும் உட்காரவும் கைகொடுப்பது, மூச்சை எப்படி விடுவது என்று கூடவே சொல்லிக்கொடுப்பது, இடையிடையே தண்ணீரோ கஞ்சியோ கொடுப்பது, சிறுநீர் கழிக்க அழைத்துப் போவது, டாக்டர் சொன்னதை அவளுக்குப் புரியும் பேச்சில் திருப்பிச் சொல்வது, அவள் சொல்லத் தயங்குவதை நர்ஸிடம் எடுத்துச் சொல்வது. குழந்தை பிறந்த பிறகு மார்பில் போட்டுப் பால் கொடுக்க உதவுவதும் இதில் சேரும். இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றுமில்லை என்று எந்தத் தமிழ்க் குடும்பத்துப் பாட்டியும் சொல்வார். உண்மைதான். பிரசவம் வீட்டில் நடந்த காலத்தில் தாயும் அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட வேலை இது. அதை ஒருவரின் பொறுப்பாக்கி, பயிற்சி கொடுத்து, மருத்துவமனைக்குள் இடம் கொடுத்தது மட்டுமே புதிது.

அந்தப் பகிர்வு எப்படி அற்றுப்போனது என்பதைச் சொல்லும்போது மருத்துவமனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001–03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கிகள், ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்யும் பழக்கம் எல்லாம் சேர்ந்து பெற்ற வெற்றி இது. யாரும் திரும்ப வீட்டுப் பிரசவத்துக்குப் போகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995இல் தமிழ்நாட்டில் களஆய்வு செய்து 2003இல் வெளியிட்ட நூல், அரசு மருத்துவமனைகளில் ஏழைப் பெண்கள் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனியே வலி தாங்கியதையும், திட்டு வாங்கியதையும், ஊழியர்களுக்குக் கைக்காசு கொடுத்ததையும், கேட்காமலே கருத்தடை வளையம் பொருத்தப்பட்டதையும் பதிவு செய்தது. வீட்டில் உயிருக்கு ஆபத்து இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது. மருத்துவமனையில் ஆபத்து குறைந்தது, ஆள் வெளியே நிறுத்தப்பட்டார். உயிரைக் காக்கும் ஏற்பாட்டுக்குள் அந்த ஆளையும் கொண்டுவருவதே அடுத்த கட்டமாக இருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தின் முதல் படியைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே ஏறிவிட்டது. கர்ப்பிணி விரும்பும் ஒரு பெண் உறவினரைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் திட்டத்தை இங்கே 2004இலேயே அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் இதே அனுமதியை நாடு முழுதுக்கும் அறிவித்தது 2016இல்தான். துணைக்கு வருபவர் பெண்ணாக, முடிந்தால் தானே பிரசவம் கண்டவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை அணிய வேண்டும். ஊழியர்களின் வேலையில் தலையிடக் கூடாது. அறையிலுள்ள மற்றப் பெண்களிடம் போகக் கூடாது என்று அந்த அறிவிப்பு விதி வகுத்தது. தனிமறைவு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்‌ஷ்யா' திட்டம் பிரசவ அறைகளின் தரத்துக்கான அளவுகோல்களில் துணையாளரையும் சேர்த்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெண்களுக்கும் தாம் விரும்பும் துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆக, சட்டம் போதவில்லை என்று குறைசொல்ல இடமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த விதிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: துணைக்கு வருபவர் என்னென்ன செய்யக் கூடாது என்பது தெளிவாக இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்கு யார், எப்போது சொல்லிக்கொடுப்பது என்பது அதில் இல்லை. அனுமதி கிடைத்தது, வேலை ஒப்படைக்கப்படவில்லை. என்ன செய்வதென்று தெரியாத உறவினர் சுவரோரம் நிற்பார்; கூட்டம் அதிகமான இரவில் அவரை வெளியே போகச் சொல்வதும் எளிதாகிவிடும்.

துணை இருப்பதால் உண்மையில் என்ன மாறும் என்பதற்கான சான்று குவாத்தமாலாவிலிருந்து தொடங்குகிறது. அங்கே உறவினர் யாரும் அனுமதிக்கப்படாத, நெரிசல் மிகுந்த ஒரு மருத்துவமனையில், முன்பின் அறிமுகமில்லாத, பயிற்சியும் இல்லாத ஒரு பெண்ணைக் கர்ப்பிணியின் பக்கத்திலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். 1980இல் சோசா, கென்னல், கிளாஸ் முதலியோர் வெளியிட்ட முடிவின்படி, துணை இல்லாதவர்களுக்குச் சராசரி 19 மணி நேரத்துக்கு மேல் நீடித்த பிரசவம் துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. ஒப்பிடப்பட்டவர்கள் 40 பேர்தான் என்பதால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. ஆகவே கென்னல் குழு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், வசதி குறைந்த பெண்கள் வரும் பொது மருத்துவமனையில் பெரிய அளவில் சோதித்து 1991இல் வெளியிட்டது. எல்லாருக்கும் தலைச்சன் பிரசவம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்குச் சிசேரியன் ஆனது. டூலா இருந்தவர்களில் அது 8 சதவீதம். மூன்றாவதாக இன்னொரு குழுவும் இருந்தது: அவர்கள் அறையில் ஒரு பெண் வெறுமனே உட்கார்ந்து குறிப்பெடுத்தார், பேசவே இல்லை. அந்தக் குழுவில் 13 சதவீதம். யாரோ ஒருவர் விலகாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதிப் பலன் கிடைக்கிறது, அவர் தொட்டும் பேசியும் ஆறுதல் தந்தால் மீதிப் பலனும் வருகிறது என்றே இந்த மூன்று எண்களைப் படிக்கத் தோன்றுகிறது.

இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளையும் 15,858 பெண்களையும் கணக்கில் எடுத்தது. விடாத துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. பிரசவ நேரம் சுமார் 40 நிமிடம் சுருங்கியது. பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் குழந்தை சோர்ந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பிரசவ அனுபவம் மோசம் என்று சொன்னவர்களும் குறைந்தார்கள். தாய்க்கோ குழந்தைக்கோ துணையால் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. குவாத்தமாலாவின் பத்து மணி நேரம் இங்கே நாற்பது நிமிடமாகச் சுருங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய கணக்கில் போட்டால் அதிசயங்கள் சாதாரணமாகிவிடும். ஆய்வின் தரத்திலும் குறை உண்டு. யாருக்குத் துணை இருக்கிறது என்பதை டாக்டரிடமிருந்து மறைக்க முடியாது. ஆகவே அவருடைய முடிவுகளில் அதுவும் கலந்திருக்கும் என்பதை மதிப்பாய்வாளர்களே ஒப்புக்கொண்டு சான்றின் உறுதியைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். இருந்தாலும் நாடும் மொழியும் மாறினாலும் பலனின் திசை பெரும்பாலும் மாறவில்லை. அதைவிட நமக்கு முக்கியமானது ஒன்று: சொந்தத் துணையை அனுமதிக்காத மருத்துவமனைகளிலும், வலி மறக்கச் செய்யும் முதுகுத்தண்டு ஊசி வழக்கமாகக் கிடைக்காத இடங்களிலும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அரசு பிரசவ வார்டுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த விவரிப்பு பழக்கப்பட்டதாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி, துணை யாராக இருக்க வேண்டும் என்பது. நர்ஸே இதைச் செய்யலாமே என்பது முதலில் எழும் யோசனை. வட அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் 6,915 பெண்களிடம் நடத்தி ஹாட்னெட் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் விடாமல் கூட இருந்த குழுவில் சிசேரியன் 12.5 சதவீதம், மற்றக் குழுவில் 12.6 சதவீதம். வித்தியாசமே இல்லை. மருத்துவமனையின் வேகத்துக்கும் வழக்கத்துக்கும் கட்டுப்பட்டவரால் அந்த வழக்கத்தை மாற்ற முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பெண் உறவினரே போதும் என்பது இரண்டாவது யோசனை, தமிழ்நாட்டு அரசின் வழியும் அதுவே. போட்ஸ்வானாவில் 109 பெண்களிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், பெண் உறவினர் கூட இருந்தவர்களில் 91 சதவீதத்தினருக்கு இயல்பான சுகப்பிரசவம் ஆனது. தனியே இருந்தவர்களில் 71 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சிறிய ஆய்வு. காக்ரேன் கணக்கில் சிசேரியன் மிகத் தெளிவாகக் குறைந்தது டூலா இருந்தபோதுதான். மருத்துவமனை ஊழியராக இல்லாமலும், பதற்றத்தில் தானும் கலங்கிவிடும் உறவினராக இல்லாமலும், அந்த வேலைக்கென்றே வந்தவர் இருக்கும்போது பலன் கூடுகிறது. ஆகவே உறவினரை எடுத்துவிட்டு டூலாவை வைப்பது தீர்வாகாது. உறவினர் தரும் பாசத்தை இன்னொருவர் தர முடியாது. டூலாவின் நிதானத்தை உறவினரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. உறவினரைத் தயார்ப்படுத்துவது ஒரு அடுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணை நியமிப்பது இன்னொரு அடுக்கு என இரண்டும் சேர வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதிலும் மர்மம் இல்லை. பயமும் பதற்றமும் உடலில் அட்ரினலினைக் கூட்டும். அது கர்ப்பப்பையின் சுருக்கங்களைத் தளர்த்திப் பிரசவத்தை இழுக்கும். இழுக்கும் பிரசவத்துக்கு வலியைத் தூண்டும் ஊசி. ஊசியால் வலி கூடினால் பயமும் கூடும். கடைசியில் 'குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது' என்று அறுவை அறைக்குப் போக நேரும். எல்லாச் சிசேரியனும் இந்தச் சங்கிலியில் வருவதில்லை, ஆனால் இந்தச் சங்கிலி இருக்கிறது. இரவுப் பணியில் ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் சுகாதார நிலையத்தில், வலியில் இருப்பவளுக்கு அருகில் விடாமல் ஆள் இருப்பது கணக்குப்படியே சாத்தியமில்லை. அவரே இன்னொரு பிரசவத்தைப் பார்க்க வேண்டும், குழந்தையைத் துடைத்து எடை போட வேண்டும், பதிவேட்டையும் நிரப்ப வேண்டும். அவர் திட்டுகிறார் என்றால் அதற்கு அவருடைய குணம் மட்டும் காரணமாக இருக்காது. இதோடு ஒகேனக்கல் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் சேர்கிறது. சுகாதார நிலையத்திலிருந்து பென்னாகரம், அங்கிருந்து தருமபுரி என்று அனுப்பப்படும் பெண் ஒவ்வொரு இடத்திலும் புது முகங்களைச் சந்திக்கிறாள். எப்போது வலி எடுத்தது, பனிக்குடம் எப்போது உடைந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்பதைப் பாதி மயக்கத்தில் அவளே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழிகளாக இருக்கும் எல்லைப்புறம் இது. ஆம்புலன்ஸில் கூடவே ஏறி, கடைசி நிலையம்வரை வரும் பயிற்சி பெற்ற ஒருத்தி, நகரத்து டூலா செய்வதைவிடப் பெரிய வேலையை இங்கே செய்வாள்.

சிசேரியன் பற்றிய எதிர்வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2015–16இல் 34.1 சதவீதமாக இருந்த சிசேரியன் 2019–21இல் 44.9 சதவீதமாக ஏறியது, தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளிலேயே 36 சதவீதம். மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போகும் சிசேரியன் உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இந்த ஏற்றத்துக்குக் காரணம் தனியாரின் வருமானம், வழக்குக்கு அஞ்சும் டாக்டர், நல்ல நேரம் பார்க்கும் குடும்பம், முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் அதுவே என்ற வழக்கம். இதில் ஒரு துணையாளர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். பெரும்பகுதி நியாயமான கேள்வி. லாபத்துக்காகச் செய்யும் அறுவையைத் தடவிக்கொடுத்துத் தடுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன காரணங்களில் கடைசிக் காரணமே பதிலையும் வைத்திருக்கிறது. முதல் பிரசவம் எப்படி முடிகிறது என்பதே அடுத்தடுத்த பிரசவங்களைத் தீர்மானிக்கிறது. தலைச்சன் பிரசவத்தில், பயத்தாலும் நீட்சியாலும் வரும் சிசேரியனில் ஒரு பகுதியைத் தவிர்த்தாலும் அதன் பலன் இரண்டாம் பிரசவத்துக்கும் போகும். ஹூஸ்டன் ஆய்வு தலைச்சன் பிரசவங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்கலாம். நமக்கு வழிகாட்டுவது அதுதான்.

தாய்மார்களைக் கொல்வது ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும் தொற்றும். அவற்றுக்கு ரத்தமும் மயக்க டாக்டரும் வேண்டும், ஆறுதல் சொல்ல ஆள் வேண்டாம் என்பது இரண்டாவது எதிர்வாதம். காசு குறைவாக இருக்கும்போது எது முதலில் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ரத்தத்துக்கும் துணைக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ரத்தத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் நடப்பில் அப்படி ஒரு போட்டி இல்லை. துணையாளருக்கான செலவு ஒரு மயக்க டாக்டரின் பணியிடத்தை விழுங்கிவிடாது. மேலும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பல நேரங்களில் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, துணிக்கு அடியில் சத்தமில்லாமல் நடக்கும். தலைவலி, கண் மங்கல் என்று ரத்த அழுத்தம் காட்டும் அறிகுறிகளைத் தாய் 'சாதாரணச் சோர்வு' என்று சொல்லாமல் விடுவாள். எதைக் கண்டால் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று கற்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது. துணையாளர் மருத்துவத்தைக் கண்ணால் காவல் காக்கிறார், மருத்துவத்தின் இடத்தைப் பிடிப்பதில்லை.

கூட்டம், தொற்று, தலையீடு என்பவை பணியில் இருப்பவர்கள் சொல்லும் எதிர்வாதம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரே அறையில் மூன்று மேசைகளும் திரையே இல்லாத இடைவெளியும் இருக்கும்போது, ஒருத்தியின் உறவினர் இன்னொருத்தியின் மானத்துக்குக் கேடாவார். இதற்கு மருந்து துணையைத் தடுப்பதில் இல்லை, திரை போடுவதில் இருக்கிறது. அதைத்தான் லக்‌ஷ்யாவும் கேட்கிறது. கூடத்தில் கூடும் ஆறு பேர் கொண்ட உறவுக் கூட்டத்தைவிட, பெயர் எழுதி உள்ளே விடப்பட்ட ஒருவர் நிர்வாகத்துக்கு எளிது. தலையீட்டைப் பொறுத்தவரை, எல்லை தெரியாதவர்தான் தலையிடுவார். உள்பரிசோதனை, வயிற்றை அமுக்குவது, மருந்து, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் கூடாது என்பதைப் பயிற்சியிலேயே சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளலாம். சாட்சி ஒருவர் உள்ளே இருப்பதை விரும்பாதவர்களும் வார்டில் இருக்கக்கூடும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதற்குக் காசு கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டுமானால் அந்தச் சாட்சி அவசியம்.

இந்த மாவட்டத்தில் மட்டும் கனமாக ஒலிக்கும் எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. துணைக்கு வரும் உறவினர் பெரும்பாலும் மாமியாராக இருப்பார். அவர் யார் பக்கம்? பெண்சிசுக் கொலைக்காகத் தருமபுரியின் பெயர் ஒரு காலத்தில் நாடெங்கும் அடிபட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கேயும் விரிவாக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001 கணக்கெடுப்பில் 826, 2011இல் 913. நிலைமை மாறியிருக்கிறது, ஆனால் மூன்றாவதும் பெண் என்று தெரிந்த நிமிடத்தில் அறைக்குள் விழும் அமைதி முற்றிலும் மறைந்துவிடவில்லை. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டத்தில், பதின்வயதுத் தாய்க்கு யார் துணை என்பதை அவளுக்குப் பதிலாக வேறு யாரோ முடிவு செய்வதும் நடக்கும். இந்த எதிர்வாதம் துணை வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. உறவினர் மட்டும் போதாது என்பதற்கே ஆதாரமாகிறது. குடும்பத்தின் கணக்குகளில் பங்கில்லாத ஒருத்தி, பெண் பிறந்தாலும் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவள், அந்த அறையில் இருக்க வேண்டும். யார் துணைக்கு வேண்டும் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் கர்ப்ப காலத்திலேயே, மாமியாரோ கணவரோ பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவளிடம் கேட்டு அட்டையில் எழுத வேண்டும்.

கடைசி எதிர்வாதம் பணம். நகரத்து டூலாவின் கட்டணம் கூலித் தொழிலாளிக்கு எட்டாது என்பது உண்மை. அதனாலேயே இது அரசின் வேலையாகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த ஏழைப் பெண்களுக்குச் சமூக டூலாக்களை அமர்த்திப் பார்த்தபோது, அவர்களிடையே சிசேரியன் 22.3 சதவீதம், நாடு முழுதும் அதே காப்பீட்டில் இருந்தவர்களிடையே 31.5 சதவீதம். 2013இல் வெளியான இந்த ஆய்வில் டூலாவைக் கேட்டுப் பெற்றவர்களே சேர்ந்திருந்ததால் வித்தியாசம் முழுவதையும் டூலாவின் கணக்கில் வைக்க முடியாது. ஆனாலும் இது பணக்காரர்களின் சொத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். நம் ஊரில் கணக்கு இன்னும் நெருக்கமானது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், துணைக்கு வரும் தாய் நாட்கணக்கில் கூலியை இழக்கிறாள். அந்தச் செலவு இப்போதே இருக்கிறது, ஏழையின் தலையில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஒரு தாய்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு அரசு தருகிறது. அவ்வளவு செய்கிற அரசுக்குப் பிரசவத்துக்கு இவ்வளவு என்று துணையாளருக்கு மதிப்பூதியம் தருவது புதிய சுமையாகாது. ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: இதைக் காட்டி நர்ஸ் பணியிடங்களைக் காலியாக விடக் கூடாது.

செய்ய வேண்டியதை இனிச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் அடுக்குக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது: அங்கன்வாடிகள் நடத்தும் சமுதாய வளைகாப்பு. கர்ப்பிணியும் அவளுடைய பெண் உறவினர்களும் ஒன்றாகக் கூடும் அந்த நாளில், வளையலும் கலவைச் சாதமும் முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிரசவ அறையில் உறவினர் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டினால் போதும். இரண்டாவது அடுக்குக்கு ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் குழுக்களிலிருந்தும், மலைக்கிராமங்களின் ஆஷா பணியாளர்களிலிருந்தும், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்களிலிருந்தும் பிரசவம் கண்ட பெண்களைத் தேர்ந்தெடுக்கலாம். தொலைவூர்க் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறைகளில் அவர்களை அறிமுகப்படுத்தினால், வலி எடுக்கும் நாளில் அவர் புதியவராக இருக்க மாட்டார். தனியார் மருத்துவமனைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும், தாயிடம் காசு வாங்குவதும் கண்டால் உடனே நீக்கம் என்ற விதி முதல் நாளிலேயே இருக்க வேண்டும். தலைச்சன் பிரசவத்தில் சிசேரியன் எத்தனை, முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் எத்தனை, மரியாதையாக நடத்தினார்களா என்று தாயே சொன்ன பதில் என்ன என்ற மூன்றையும் இரண்டு ஆண்டுகள் எண்ணிப் பார்த்தால், திட்டத்தை விரிப்பதா விடுவதா என்பதை எண்களே சொல்லும்.

துணையாளரால் எல்லாச் சிசேரியனும் நிற்காது, எல்லாத் தாய்மார்களும் பிழைத்துவிட மாட்டார்கள். ஆனால் செலவு குறைவாக, தீங்கு இருப்பதாகச் சான்றே இல்லாமல், கையில் இருக்கும் ஆட்களை வைத்தே செய்யக்கூடிய ஒன்றை இருபது ஆண்டுகளாக வெறும் அனுமதியாக வைத்திருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது. 2004இல் முதலில் கதவைத் திறந்த மாநிலம், உள்ளே வருபவருக்கு ஒரு வேலையும் ஒரு பயிற்சியும் ஒரு ஊதியமும் தர வேண்டும். அந்தச் சோதனையைப் பென்னாகரம் வட்டத்தில் தொடங்கலாம். மாவட்ட சுகாதார நிர்வாகமும் சுயஉதவிக் குழுக்களைக் கவனிக்கும் மகளிர் திட்டமும் சேர்ந்து உட்கார்ந்தால் அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது.